கான்ஸ்டன்டைன்: பெயரின் வேரும் தமிழும்

கான்ஸ்டன்டைன் என்ற பெயரின் அடியில் இருப்பது 'ஸ்தாரே' என்ற லத்தீன் வினைச்சொல். நிற்பது என்று பொருள். அதன் முன்னால் 'கோன்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் 'கோன்ஸ்தாரே', அசையாமல் நிற்பது. அப்படி நிற்பவன் 'கோன்ஸ்தான்ஸ்'. இதிலிருந்து கோன்ஸ்தான்தியுஸ், அதிலிருந்து கோன்ஸ்தான்தீனுஸ் என்று பெயர்கள் கிளைத்தன. கடைசிப் பெயர்தான் ஆங்கிலம் வழியாகக் கான்ஸ்டன்டைன் என்று நம்மிடம் வந்திருக்கிறது. நாம் பேச்சில் சொல்லும் ஸ்திரம், ஸ்தானம் என்ற வடசொற்களும் லத்தீன் 'ஸ்தாரே'யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை.

பெயரைப் புகழ்பெறச் செய்தவர் ரோமப் பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன். 306-இல் பிரிட்டனின் யார்க் நகரில் படைவீரர்கள் அவரைப் பேரரசராக முழங்கினார்கள். 330-இல் அவர் பெயரால் எழுந்த கான்ஸ்டான்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். தந்தை பெயர் கோன்ஸ்தான்தியுஸ். அரசாண்ட மகன்கள் மூவர் கோன்ஸ்தான்தீனுஸ், கோன்ஸ்தான்தியுஸ், கோன்ஸ்தான்ஸ். ஒரே வேரை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பம்! வரலாறு படிப்பவர்கள் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

இத்தாலி மொழியில் கோன்ஸ்தான்தியுஸ் என்ற பெயர் 'கோஸ்தான்சோ' ஆனது. அந்தப் பெயரோடுதான் 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. முழுப்பெயர் கோஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. ஆம், நம் வீரமாமுனிவர். பெயர்களைப் பொருளறிந்து தமிழாக்கியவர் அவர். தேம்பாவணியில் சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயர் வைத்தார். சூசை என்பதன் மூலமான யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்வது என்ற பொருள் உண்டு. 'இறைவன் அருளினார்' என்று பொருள்படும் யோவானைக் 'கருணையன்' ஆக்கினார். எவ்வளவு அழகு!

அவருடைய சொந்தப் பெயரோ முதலில் 'தைரியநாதர்' என்று வழங்கியது. இந்த இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். வடமொழியில் 'தைர்யம்' என்றால் நிலைகுலையாமை. ஆகவே வடமொழிப் பொருளில் அது கோஸ்தான்சோவுக்கு மிகப் பொருத்தமான பெயர். தமிழ்ப் பேச்சிலோ தைரியம் என்றால் அஞ்சாமை என்றுதான் கொள்கிறோம். அதைத் தமிழாக்கும்போது 'வீரம்' வந்து சேர்ந்தது. நிலைத்து நிற்பவர் இரண்டே படிகளில் வீரர் ஆகிவிட்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் தமிழ் நெஞ்சில் ஊன்றிவிட்ட பெயர்; அதை மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதை வைத்து மூலப்பெயருக்கே 'வீரம்' என்று பொருள் சொல்லிவிடக் கூடாது.

சரி, நேர்த் தமிழ் எது? 'உறுதி' பொருந்தும், ஆனால் ஆட்பெயராக அவ்வளவாக ஒட்டாது. கணிதப் பாடத்தில் படிக்கும் 'மாறிலி'யும் இதே லத்தீன் வேர்கொண்ட சொல்லுக்குத் தமிழாக வந்ததுதான். பெயராக வைக்க முடியாது. என் தேர்வு 'திண்மை'. வள்ளுவர் சொல்வதைப் பாருங்கள்:

எண்ணிய எண்ணியாங்கு எய்துப எண்ணியார்
திண்ணியர் ஆகப் பெறின்.

எண்ணியதில் தளராமல் நிற்பவரே திண்ணியர். கோன்ஸ்தான்ஸ் என்ற சொல்லின் உயிர் இதுதான். திண்மையடியாகப் பெயரிடுவதும் நமக்குப் புதிதில்லை. கண்ணப்ப நாயனாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் திண்ணன். தூக்கக் கடினமான குழந்தையாக இருந்ததால் தந்தை நாகன் அப்படிப் பெயரிட்டார் என்கிறது பெரியபுராணம். அங்கே அது உடலின் திண்மை. குறளில் உள்ளத்தின் திண்மை.

அதனால் கான்ஸ்டன்டைன் என்பதைத் 'திண்ணன்' என்றோ 'திண்ணியன்' என்றோ தயங்காமல் தமிழாக்கலாம். கான்ஸ்டன்ஸ் என்ற பெண்பெயருக்கு இன்னும் எளிது. அதன் மூலமான 'கோன்ஸ்தான்தியா' லத்தீனிலேயே ஒரு பண்புப்பெயர். திண்மை என்பதுதான் அதற்குப் பொருள்.