தார் ரோடு முடிந்த பிறகு

போன டிசம்பரில் குன்னூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு பையன்கள் மஹிந்திரா தார் ஜீப்பில் வந்தார்கள். "அண்ணா, ஜெய்சல்மேர் போறோம். வண்டியை மணலுக்கு ரெடி பண்ணிக் கொடுங்க" என்றார்கள். தார் வண்டியில் தார் பாலைவனம், பேருக்காகவே போகலாம். பின்கதவைத் திறந்தால் ஒரு நைலான் கயிறு, பளபளவென்று ஒரு டோ பால் (வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புக் குண்டு). காற்றடிக்கும் பம்ப் இல்லை, மண்வெட்டி இல்லை. முன்னால் மட்டும் புதிதாக நான்கு லைட்.

மலையில் ஓட்டிப் பழகிய காலுக்கு ஒரு குணம் உண்டு. சேற்றில் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்கும். பல நேரம் சேறு தெறித்து, அடியில் கெட்டித் தரை கிடைத்துவிடும். மணலுக்கு அடியிலும் மணல்தான். மிதிக்க மிதிக்க வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா, உடனே காலை எடுத்துவிடுங்கள்.

அங்கே முதல் வைத்தியம் காற்றை இறக்குவது. ரோட்டில் 30 psi வைத்திருந்தால் மணலில் 18, புதைந்துவிட்டால் 15. டயர் ஒட்டகப் பாதம் மாதிரி பரந்து மணலைப் பிடிக்கும். ஆனால் அந்தக் காற்றில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்ப ரோடு ஏறும்போது காற்றடிக்காமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம். லைட்டுக்கு முன் பம்ப் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. அங்கே 30 அடித்த டயரை மேட்டுப்பாளையத்தில் அதே சூட்டில் அளந்தால் 27 சொச்சம்தான் காட்டும். கீழே வெயில் கொஞ்சம் ஈடுகட்டும். இருந்தாலும் இறங்கியதும் டயர் ஆறவிட்டு ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

சரி, கயிறு விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷம் முன்பு கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில், மழையில் புதைந்த ஜீப்பை இழுக்கப் போனேன். இழுக்கிற வண்டியின் டோ பாலில் கயிற்றை மாட்டினேன், செய்தது நான்தான். வெடுக்கென்று வெட்டி இழுத்தோம். முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு, மூன்றாவதில் குண்டு முறிந்து, கயிற்றோடு பறந்து, புதைந்த ஜீப்பின் கண்ணாடியைப் பொத்துக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டின் முதுகில் குத்தி நின்றது. அந்த சீட்டிலிருந்த கிளீனர் பையன் சாக்கு எடுக்க அப்போதுதான் இறங்கியிருந்தான்.

டோ பால் டிரெய்லர் மாட்டுவதற்கு. வெட்டி இழுக்கும் வேகத்தை அது தாங்காது. சேஸிஸோடு போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே செய்த ஹூக்கில்தான் ஷேக்கிள் (கயிற்றைக் கோக்கும் இரும்பு வளையம்) மாட்ட வேண்டும், பம்பரிலும் கூடாது. வெட்டி இழுப்பதென்றால் இழுபட்டு நீளுகிற ரெக்கவரி கயிறுதான், சாதாரணக் கயிறோ சங்கிலியோ ஆகாது. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தாலும் வேகம் குறையும். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்க வையுங்கள். செல்போனில் வீடியோ எடுப்பவர்தான் எப்போதும் கயிற்றுக்கு நேரே வந்து நிற்பார்.

இழுக்க இன்னொரு வண்டி இல்லையென்றால் வின்ச், அதாவது வண்டியில் பொருத்திய, கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை. இங்கே வின்ச் கம்பியைப் போட ஏதாவது மரம் கிடைத்துவிடும். (வெறும் கம்பியைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடாதீர்கள், அகலமான பட்டை நாடா போடுங்கள்.) மணல்மேட்டில் மரத்துக்கு எங்கே போவது? ஸ்டெப்னியைப் புதைத்து அதில்தான் கட்ட வேண்டும்.

பையன்கள் நம்பவில்லை. சரி, இங்கேயே புதையுங்கள் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இடம் காட்டினேன். முக்கால் மணி நேரம் தோண்டினார்கள். குன்னூர் குளிரில் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் காலி. அப்புறம்தான் பாலைவனத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும், ரேடியேட்டருக்கு அது போக என்று சொன்னேன். பேசாமல் லைட்டுகளில் இரண்டைக் கழற்றிக் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டுப் பம்ப் விலையில கழிச்சுக்குவீங்களாண்ணா?" என்றார்கள்.