சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால்

சுங்கை சிப்புட்டில் என் மாமா ஓட்டுவது ஒரு சின்னக் கார். மீட்டரில் வேகத்துக்கு முள் உண்டு, பெட்ரோலுக்கு முள் உண்டு, இஞ்சின் சூட்டுக்கு மட்டும் கிடையாது. இரண்டு விளக்குதான். இஞ்சின் குளிர்ந்திருந்தால் நீலம், அளவு மீறிச் சுட்டால் சிவப்பு. நடுவில் என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. ஒரு நாள் தோட்டத்துச் செம்மண் பாதையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது சிவப்பு எரிந்தது. மாமா ஓரங்கட்டுவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி வந்துவிட்டது. இஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போகாமல் தப்பியது பெரிய விஷயம்.

அன்றைக்கு எனக்கு உறுத்தியது ஒன்றுதான். சூடு எத்தனை டிகிரி என்று காருக்கு முதலிலிருந்தே தெரியும். இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் தலையை நீட்டிக்கொண்டு ஒரு சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல சென்சார்களில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருப்பது, 90 டிகிரியில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் காரின் கணினி எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஃபேனை எப்போது சுழற்றுவது என்று முடிவு செய்கிறது. கேட்டால் நமக்கும் சொல்லும். கேட்பதற்கான வாசல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளை ஓபிடி சாக்கெட், பட்டறைக்காரர்கள் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இந்தச் சாக்கெட் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த சட்டம், நம்மைப் போன்ற ஆர்வலர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. புதிய கார்களில் சாக்கெட்டின் 6, 14ஆம் துளைகளில் கேன் என்ற இரட்டைக் கம்பி வந்து நிற்கும், காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வழி அது. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை இது. சும்மா இருக்கும்போது இரண்டு கம்பியிலும் 2.5 வோல்ட். செய்தி வரும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியால் வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியையும் ஒன்றாகவே தூக்கிவிடுவதால் வித்தியாசம் கெடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று.

காரிடம் கேட்டுப் பதிவு செய்ய நான் வைத்தது ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினி, சுருக்கமாக 'பை'. 2017இல் வந்த பலகை, 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டர் செருகினேன். இந்த அடாப்டர்கள், காரின் பேச்சை எளிய எழுத்தாக மாற்றித் தரும் ஈஎல்எம்327 என்ற சில்லின் மொழியைப் பேசுபவை. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, நகல்கள். பழைய கார்களின் ஒற்றைக் கம்பி முறையோடு பேசத் தெரியாதவையும் அதில் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.

பை '01 05' என்று கேட்கும். 01 என்றால் இப்போதைய அளவு, 05 என்றால் தண்ணீரின் சூடு. '41 05 81' என்று பதில் வரும். 41 என்பது 01க்கான பதில் என்ற அடையாளம். கடைசி எண்தான் சரக்கு. அது பதினாறு அடிமான எண்: எட்டைப் பதினாறால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 129. அதில் 40ஐக் கழித்தால் 89 டிகிரி செல்சியஸ். எதற்கு இந்த 40? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும், கழித்தல் குறி கிடையாது. பனி நாட்டில் கார் மைனஸ் 40இலும் நிற்கும். சுங்கை சிப்புட்டில் அது தேவையே இல்லை, ஆனாலும் நம் காரும் அதே கணக்கில்தான் பேசுகிறது.

பைத்தான் என்ற நிரல் மொழியில் இதை எழுத ஒரு மாலை போதும். என்னைப் பல வாரம் படுத்தியது மின்சாரம். காரின் 12 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். ஓடும்போது 14க்கு மேல் போகும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10க்குக் கீழேயும் விழும். பைக்கு வேண்டியது சீரான 5 வோல்ட், ஆகவே நடுவில் நல்ல கன்வெர்ட்டர் ஒன்று அவசியம். அதைவிடப் பெரிய தொல்லை சாவியைத் திருப்பி அணைப்பது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டின் கோப்பு அமைப்பே சிதைந்துவிடும். இரண்டு கார்டு அப்படிப் போன பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு நிரந்தரக் கம்பி. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இன்னொரு கம்பி, அது, மின்சாரத்தைக் கடத்தாமல் ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாகப் பைக்குத் தகவல் மட்டும் சொல்லும். சாவி அணைந்ததும் பை தன்னை முறையாக மூடிக்கொள்ளும், ஒரு நிமிடம் கழித்து டைமர் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் மொத்தமாகத் துண்டித்துவிடும். அந்த ரிலே இல்லையென்றால்? கன்வெர்ட்டர் இழப்போடு சேர்த்து 12 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைக் குடிக்க 200 மணி நேரம், அதாவது எட்டு நாள். பள்ளி விடுமுறைக்குக் காரை வீட்டில் விட்டுப் போனவர் திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பலகையை டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். நம் வெயிலில் அங்கே வெந்துவிடும், ஏர்பேக் விரியும் இடமும் அதுதான். சீட்டுக்கு அடியில் வையுங்கள். அப்புறம், கேள்வி மட்டும் கேளுங்கள். ஓடும் காரின் கேன் கம்பியில் புரியாமல் எதையும் எழுதக் கூடாது.

முதல் வாரப் பதிவை வரைபடமாகப் போட்டபோது கை நடுங்கியது. ஈப்போ சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சூடு 88, 89 என்று நிதானமாக நிற்கிறது. பாசார் பக்கம் நெரிசலில் நின்ற மூன்று நிமிடத்தில் 97, 101, 104. வண்டி நகர்ந்ததும் மறுபடி இறக்கம். பட்டறை அண்ணனிடம் போனில் காட்டினேன். ஒரு பார்வைதான். "ஓடும்போது காத்து குளுமைப்படுத்துது தம்பி. நின்னா ஃபேன் சுத்தணும், சுத்தல. ரெடியேட்டர் அடைச்சிருந்தா ஓடும்போதுதான் ஏறும்." ஃபேன் ரிலே செத்திருந்தது. மாற்றிய பிறகு அதே நெரிசலில் 96ஐத் தொட்டதும் கோடு மடங்கி இறங்குகிறது.

இப்போது 100ஐத் தாண்டினால் பஸர் கத்தும். ரெடியேட்டர் மூடி காக்கும் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் என்பதால், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். ஆனால் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் தொங்கும். இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே எண் குறைந்து காட்டலாம். அதனால் ஓடும் வண்டியில் சூடு திடீரென்று சரிந்தாலும் பஸர் கத்தும்படி எழுதியிருக்கிறேன். மாமாவிடம் இதை விளக்கினேன். அவர் இன்னமும் காலையில் பசியாறப் போவதற்கு முன், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் தூக்கித் தண்ணீர் டப்பாவில் அளவு பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.