வேலந்தாவளத்தில் மாட்டிக்கொண்ட அப்பா

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 2021 மே மாதத்தில் ஐந்து வயது. அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கொரோனா வந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் அங்கேயே இறந்தார். உடல் ஊருக்கு வரவில்லை. "அப்பா சாமிகிட்டப் போயிட்டார்" என்று பாட்டி சொல்லிவைத்தார். இரண்டு வாரம் கழித்து, திண்ணையில் சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "மாமா, வேலந்தாவளத்துல அப்பாவுக்கு இன்னும் பாஸ் குடுக்கலையா?"

அவன் கணக்கு சரிதான். வேலந்தாவளம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவிலுள்ள எல்லை செக்போஸ்ட்; கொரோனாவால் அப்போது எல்லை தாண்ட எல்லாருக்கும் பாஸ் வேண்டும். போனவர் வரவில்லை என்றால் செக்போஸ்ட்டில்தானே மாட்டியிருக்க வேண்டும்?

சாவைப் புரிந்துகொள்வது என்பது நாலு விஷயங்களைப் புரிந்துகொள்வது. செத்தவர் திரும்ப மாட்டார். அவருக்குப் பசிக்காது, குளிராது. உயிருள்ள எல்லாவற்றுக்கும் இது வரும். உடம்பில் ஏதோ கெட்டுப்போனதால் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஏழு வயது வாக்கில்தான் கூடிவரும். புடாபெஸ்டில் 378 பிள்ளைகளிடம் விசாரித்து உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோதான் பார்த்தார்கள். 'போயிட்டார்' என்று சாவை மங்கலமாக மாற்றிச் சொல்லும் நம் வழக்கு அந்தப் பயணத்துக்கு டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

மற்ற நாட்களில் சாவு வீடே பாடம் நடத்திவிடும். கூடத்தில் கிடத்திய உடல், தொட்டால் சில்லென்ற கை, வாய்க்கரிசி, ஒப்பாரி. யாரும் விளக்காமலே பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ளும். தொற்றுக்காலம் பறித்தது இதைத்தான். லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2020 மார்ச்சிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் பெற்றோரையோ கூட வசித்த தாத்தா பாட்டி போன்றவர்களையோ இழந்த பிள்ளைகள் உலகில் 15 லட்சத்துக்கும் மேல்.

பையன் ஐந்து நிமிஷம் அழுவான், அப்புறம் கோலி ஆடப் போய்விடுவான். "மறந்துட்டான்" என்றார்கள் உறவுக்காரர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சின்ன வயதில் துக்கத்தைத் தொடர்ந்து தாங்க முடியாது. தவணை தவணையாகத்தான் வரும். சிலர் மறுபடி படுக்கையை நனைப்பார்கள். 'நான் இருமினதாலதான் அப்பாவுக்கு வந்துச்சோ' என்று உள்ளுக்குள் புழுங்குபவர்களும் உண்டு. காரணம் புரியாத இடத்தைக் குற்ற உணர்ச்சி நிரப்பிவிடும்.

கடைசியில் அவன் அம்மாதான் உடைத்துச் சொன்னார்: "அப்பாவோட நுரையீரல் கெட்டுப்போச்சு. மூச்சு நின்னு செத்துட்டார். இனி வரமாட்டார். உன்னால இல்ல."

"அப்பப் பசிக்காதா?"

"பசிக்காது."

மறுநாளும் அதையே கேட்டான். ஒரு மாதம்போல, ராத்திரி தட்டு வைக்கும்போதெல்லாம் கேட்டான். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னார்.