வேற்றுக் கிரகப் பிள்ளைக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

வேற்றுக் கிரகப் பிள்ளைகள் பூமியில் மாட்டிக்கொள்ளும் படங்களில் விண்கலம் நொறுங்கியிருக்கும், கறுப்பு கோட் ஆட்கள் துரத்துவார்கள், அடைக்கலம் கொடுத்த வீட்டில் பிள்ளைகள் ரொட்டியை வாங்கி ஆவலாகச் சாப்பிடுவார்கள். மனசாலேயே காரைத் தூக்குவதைக்கூட நான் கண்டுகொள்ள மாட்டேன். அந்த ரொட்டி ஜீரணமாவதுதான் இடிக்கிறது.

நம் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. கிளைசினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. அணுக்கள் அதே, இணைப்பும் அதே, பக்கம் மட்டும் கண்ணாடி பிம்பம்போல் மாறியிருக்கும். இந்த இரட்டை வடிவத்தை 1848இல் கண்டுபிடித்தவர் லூயி பாஸ்டர். டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, இடப்பக்கம் சாய்ந்தவற்றையும் வலப்பக்கம் சாய்ந்தவற்றையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். பொறுமைசாலிதான்!

பூமியில் பாக்டீரியா முதல் யானை வரை புரதம் கட்டுவது இடக்கை அமினோ அமிலங்களை வைத்துத்தான். சர்க்கரையில் வலக்கை வடிவத்தின் ராஜ்யம். ஏன் இப்படி என்பதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் சில அமினோ அமிலங்கள் இடக்கைப் பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தன. பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் வந்துசேர்ந்த மண்ணிலோ இரண்டு வடிவங்களும் ஏறக்குறைய சமம். அதனால் வேறொரு கிரகத்து உயிர் நமக்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

சரி, அப்படிப்பட்ட ஒரு பிள்ளை ரொட்டியைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரொட்டியில் பெரும்பங்கு மாவுச்சத்து, அதாவது குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. நம் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நொதியில் உள்ள சின்னக் குழிக்குள் அந்தச் சங்கிலி சரியாகப் போய் உட்கார்ந்தால்தான் வெட்டு விழும். எதிர்ப்பக்க உடம்பில் அந்தக் குழியும் எதிர்ப்பக்கமாக இருக்கும். வலக்கைக் கையுறையை இடக்கையில் மாட்டப் பார்ப்பதுபோல, ரொட்டி உள்ளே போகும், பொருந்தாது. தட்டுத் தட்டாகச் சாப்பிட்டாலும் அந்தப் பிள்ளை பட்டினிதான்.

இதை நம் உடம்பிலேயே பார்க்கலாம். ஆய்வகத்தில் செய்த இடக்கை குளுக்கோஸ் நாக்குக்குச் சாதாரண குளுக்கோஸ்போலவே இனிக்கும். ஆனால் உடம்பால் அதை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. கலோரி இல்லாத இனிப்பாக விற்கலாமே என்று யோசித்தார்கள், தயாரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை. வயிற்றை இளக்கும் குணம் வேறு இருக்கிறது. படத்தில் காட்ட வேண்டிய காட்சி எதுவென்று இப்போது புரிந்திருக்கும்.

தண்ணீர், தாது உப்பு இரண்டுக்கும் இடம் வலம் கிடையாது, கவலையில்லை. நேர்ச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆக வெண்ணெயிலிருந்து கொஞ்சம் சக்தி கிடைக்கலாம். புரதத்துக்கு வழியில்லை.

அப்புறம், தும்மலால் நோய் தொற்றுமா? வைரஸ் விஷயத்தில் பயமே வேண்டாம். செல்லுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் இயந்திரத்தைக் கடன் வாங்கித்தான் அது பெருகும். எதிர்ப்பக்க இயந்திரம் அதற்கு உதவாது. பாக்டீரியா வேறு ரகம், ஈரமும் ஏற்ற உணவும் கிடைத்தால் அது தானே பெருகிக்கொள்ளும். எதிர்ப்பக்கப் பாக்டீரியாவை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் சரியாக அடையாளம் காணாமல் போகலாம். இது வெறும் கதைப் பயமல்ல. அப்படிப்பட்ட பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்க வேண்டாம் என்று 38 விஞ்ஞானிகள் சேர்ந்து 2024 டிசம்பரில் எச்சரித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் குடலில் அதுபோல ஏதாவது இருந்தால், கறுப்பு கோட் ஆட்கள் துரத்துவதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.