'செயற்கை இறைச்சி' அன்று, 'திசு வளர்ப்பு இறைச்சி': ஒரு சொல் விளக்கம்

பாளையங்கோட்டையில் பள்ளி மாணவர்களுக்காக நடந்த ஒரு சொற்போட்டியில் "செயற்கை உணவுகளைத் தடை செய்ய வேண்டுமா?" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். இத்தாலியும் அமெரிக்க மாநிலங்கள் சிலவும் தடை செய்திருக்கும், விலங்கின் செல்களைக் கலனில் வளர்த்து எடுக்கும் இறைச்சி வகையைப் பற்றிப் பிள்ளைகள் பேச வேண்டும் என்பதே தலைப்பைக் கொடுத்தவர்களின் எண்ணம். மேடையேறிய பிள்ளைகளோ கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம், சாயம் ஏற்றிய பட்டாணி, பிளாஸ்டிக் அரிசி, அஜினமோட்டோ ஆகியவற்றைப் பற்றி உணர்ச்சியோடு பேசிவிட்டு இறங்கினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தலைப்பில் இருந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பொருளோ அதைத்தான் பேசினார்கள். நாளிதழ்களிலும் தொலைக்காட்சிச் செய்திகளிலும் போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளிலும் சலிக்கச் சலிக்க வரும் 'செயற்கை இறைச்சி' என்ற பெயர் தவறானது என்பதும், அதைத் திருத்தாமல் தடை பற்றிய விவாதத்தைத் தமிழில் ஒழுங்காக நடத்த முடியாது என்பதும் என் கருத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். மாடு, கோழி அல்லது மீனின் உடலிலிருந்து மிகச் சிறிய தசைத் துணுக்கை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சிக் காரணிகள் அடங்கிய ஊட்டக் கரைசலில், உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில், எஃகுக் கலன்களுக்குள் பெருகவிட்டு, பின்னர் ஒரு தாங்கியின் மேல் தசையாகப் படியச் செய்து எடுப்பதே இந்த இறைச்சி. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் போஸ்ட் 2013 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில் இவ்வாறு உருவாக்கிய மாட்டிறைச்சி பர்கரைச் சமைத்துக் காட்டச் செய்தார். அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. இதை விற்க உலகிலேயே முதலில் ஒப்புதல் அளித்த நாடு சிங்கப்பூர்; அது 2020 டிசம்பரில். அமெரிக்கா 2023 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் இத்தாலி தடைச் சட்டம் இயற்றியது. மீறுவோருக்கு 10,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம். 2024 மே மாதம் புளோரிடாவும் அலபாமாவும் தடை விதித்தன. டெக்சாஸ் 2025 செப்டம்பர் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறது.

இனிப் பெயரின் வரலாறு. இத்தடைகளுக்காகக் குரல் கொடுத்தவர்கள், குறிப்பாக இத்தாலிய உழவர் அமைப்பினர், 'சிந்தடிக் உணவு' என்ற தொடரை முழக்கமாக்கினார்கள். அது நம் செய்தி அறைகளுக்கு வந்ததும் 'செயற்கை' ஆயிற்று. 'சிந்தசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்தல் என்று பொருள். தமிழ்ப் பாடநூல்கள் இதை நன்றாகவே அறிந்து, 'போட்டோசிந்தசிஸ்' என்பதை 'ஒளிச்சேர்க்கை' என்று தந்தன. 'ஒளிச்செயற்கை' என்று தரவில்லை. இவ்வளவு அருமையான முன்மாதிரி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க, மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

'செயற்கை' செய் என்னும் வேரில் பிறந்தது, 'இயற்கை'க்கு மறுதலை. இவ்விரண்டும் தொல்காப்பியத்திலேயே எதிரெதிராக வருகின்றன. "செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்" என்றும் "ஆக்கந் தானே காரண முதற்றே" என்றும் சொல்லதிகாரம் விதிக்கிறது. ஒரு காரணத்தால் ஒரு தன்மையை அடைந்த பொருள் எதுவோ அது செயற்கைப் பொருள். இதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, எருவிட்டு, களை எடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று என்பது. தாமிரபரணிக் கரை ஆற்றூர்க்காரர் என்று சொல்லப்படும் சேனாவரையரை உரையாசிரியராகப் பெற்ற வட்டாரத்தில் இருந்துகொண்டு இதை மறக்கலாகாது. பழைய இலக்கணத்தில் செயற்கை என்ற சொல்லுக்குப் போலி என்ற சாயல் சிறிதும் கிடையாது.

இதையே பிடித்துக்கொண்டு, "அப்படியானால் செல்லை வளர்த்து எடுத்த இறைச்சியும் ஒரு காரணத்தால் ஆனதுதானே, அதைச் செயற்கை இறைச்சி என்றால் என்ன தவறு?" என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். வாதம் கூர்மையானது, ஆயினும் நிற்காது. அந்தப் பழைய பொருளை ஏற்றால், எருவிட்டு விளைந்த நெல்லும் பண்ணைத் தீவனம் தின்று ஆறே வாரத்தில் கறிக்கடைக்கு வரும் பிராய்லர் கோழியும் செயற்கைப் பொருள்களே. எல்லாவற்றையும் தழுவும் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. மேலும், இன்றைய வழக்கில் அந்தச் சொல் வெகு தூரம் நகர்ந்துவிட்டது. செயற்கைக் கால் என்றால் காலின் வேலையைச் செய்யும், ஆனால் கால் அல்லாத பொருள். செயற்கைப் பட்டு என்றால் பட்டுப் போலத் தோன்றும், ஆனால் பட்டுப்புழு நூற்காத இழை. அந்த வரிசையில் செயற்கை இறைச்சி என்றால், இறைச்சி போலத் தோன்றும், இறைச்சி அல்லாத பண்டம் என்றே எந்தத் தமிழரும் பொருள் கொள்வார். அப்படிப்பட்ட பண்டம் உண்மையில் இருக்கிறது: சோயாவிலிருந்தும் கோதுமைப் புரதத்திலிருந்தும் செய்யப்படுவது. நாம் பேசும் பண்டமோ விலங்கின் தசைச் செல்லிலிருந்து வந்த தசையேதான்.

இது வெறும் இலக்கணக் கவலை அன்று. திருநெல்வேலியில் தலைமுறை தலைமுறையாகப் புலால் தொடாத சைவக் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்கள் வீட்டில் 'கறி' என்றாலே காய்தான். நாளை ஒரு பொட்டலத்தின் மேல் 'செயற்கை இறைச்சி' என்று எழுதியிருந்தால், அது சோயாதான் என்று நம்பி அதை வாங்கிவிட மாட்டார்களா? அசைவத்துக்கான பழுப்புக் குறியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது விடை ஆகாது. பெயர் ஒன்று சொல்ல, குறி வேறொன்று சொல்வதற்கு இடமே கொடுக்கக் கூடாது. மேலப்பாளையத்து இசுலாமியக் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த விலங்கின் செல், அது எப்படி எடுக்கப்பட்டது, கரைசலில் என்ன கலந்திருக்கிறது? சிங்கப்பூர் இசுலாமிய மன்றம் 2024 பிப்ரவரியில் இதே கேள்விகளை எழுப்பி, உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் உண்ணலாம் என்று தீர்ப்பளித்தது. 'செயற்கை' என்ற சொல் விலங்கையே மறைத்துவிடுவதால், இந்தக் கேள்விகள் எழவும் வழியில்லாமல் போகிறது.

செயற்கை முறையில் உண்டானதால் செயற்கை என்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்குநேரிப் பக்கமோ மானூர்ப் பக்கமோ போய்க் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். அரசு ஏடுகளில் 'செயற்கைக் கருவூட்டல்' என்று எழுதப்படுவதை மக்கள் 'சினை ஊசி' என்கிறார்கள். அப்படிப் பிறந்த கன்றை எவரும் செயற்கைக் கன்று என்று சொன்னதில்லை. முறைக்கு ஒரு பெயர், கன்றுக்குக் கன்று என்ற பெயர். கருப்பட்டியில் சர்க்கரையைக் கலந்து காய்ச்சினால் அதைச் 'சீனிக் கருப்பட்டி' என்று, கலந்த பொருளைச் சுட்டியே இங்கே பெயரிடுகிறார்கள். சந்தையில் நிற்கும் மனிதர்களுக்குக் கைவந்த இந்த நுட்பம், சொல்லையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மற்றப் பெயர்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 'ஆய்வக இறைச்சி' என்பது செயற்கையை விட மேல். ஆயினும் பண்டம் கடைக்கு வரும் அளவில் விளையுமிடம் ஆய்வகம் அன்று, தொழிற்சாலை. அதோடு, கெட்டுப்போன இறைச்சியைக் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்ற செய்தி நாள்தோறும் வரும் நாட்டில் இத்தொடர் குழப்பத்தையே தரும். 'தூய இறைச்சி' என்பது விற்பவரின் விளம்பரம். 'கொல்லா இறைச்சி' என்று அன்பர் ஒருவர் முன்மொழிந்தார். "உண்ணாமை வேண்டும் புலாஅல் பிறிதொன்றன் புண்ணது உணர்வார்ப் பெறின்" என்று, புலால் என்பது இன்னொரு உயிரின் புண் எனக் குறள் சொல்லுவதை நினைத்தால் அப்பெயரின் கருணை புரிகிறது. ஆனால் தசைத் துணுக்கு எடுக்கும்போதும் ஒரு சிறு புண் உண்டு. தொடக்க கால ஊட்டக் கரைசல்களில் பசுவின் கருக்கன்றிலிருந்து எடுத்த குருதி நீர் சேர்க்கப்பட்டது. ஆகவே அப்பெயர் எல்லா இடத்திலும் உண்மை ஆகாது. 'செயற்கை' தடை கேட்பவர் பக்கம் சாய்கிறது என்றால், 'கொல்லா' தடையை எதிர்ப்பவர் பக்கம் சாய்கிறது. பண்டத்தின் பெயர் வழக்கறிஞர் வேலை பார்க்கக் கூடாது.

'கல்ச்சர்டு மீட்', 'கல்டிவேட்டட் மீட்' என்ற ஆங்கிலப் பெயர்களுக்குக் கணினி மொழிபெயர்ப்பு கொண்டுவந்து கொட்டும் 'கலாச்சார இறைச்சி', 'பயிரிடப்பட்ட இறைச்சி' ஆகியவற்றை அச்சில் பார்க்கும்போது மனம் நோகிறது. 'கல்ச்சர்' என்ற சொல்லின் அடியில் இருப்பது நிலத்தை உழுது பண்படுத்தும் பொருள். அதை உணர்ந்தே 'பண்பாடு' என்ற சொல் தமிழில் ஆளப்பட்டது. முதலில் அதை அப்பொருளில் வழங்கியவர் இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. என்று அகராதி அறிஞர் வையாபுரிப் பிள்ளை எழுதியிருக்கிறார். இருவரும் நெல்லைச் சீமைக்காரர்கள். ஒரு சொல்லை ஆக்க வேர் வரை போய்ப் பார்த்த அந்தப் பழக்கம் இருந்த ஊரில், இன்று யாரும் ஒருமுறை வாசித்தும் பார்க்காமல் கணினி தந்ததை அப்படியே வெளியிடுகிறார்கள்.

'வளர்ப்பு இறைச்சி' என்பதைப் பலர் நல்ல பெயர் என்று கருதுகிறார்கள். நம் சந்தை வழக்கு அதற்கு இடம் தராது. 'வளர்ப்பு மீன்' என்றால் குளத்திலோ பண்ணையிலோ வளர்ந்த மீன். கடல் மீனுக்கு எதிர்ச்சொல். எனவே வளர்ப்பு இறைச்சி என்றால் பண்ணை விலங்கின் இறைச்சி என்றே பொருள்படும். எதை வளர்த்தது என்பது பெயரில் வர வேண்டும். 'உயிரணு வளர்ப்பு இறைச்சி' தூய தமிழ்தான். ஆனால் குழந்தைப்பேறு மருத்துவமனைகளின் விளம்பரங்கள் உயிரணு என்ற சொல்லை விந்தணுவுக்கே உரியதாக்கிவிட்டன. உணவுப் பொட்டலத்தில் அச்சொல்லை அச்சிட எவரும் துணிய மாட்டார்கள்.

ஆகவே நான் முன்வைப்பது 'திசு வளர்ப்பு இறைச்சி'. களக்காடு, சேரன்மகாதேவி வட்டாரத்து வாழை விவசாயிகளுக்குத் 'திசு வாழை' நன்றாகத் தெரிந்த சொல். ஒரு தாய்வாழையின் குருத்துத் துணுக்கை எடுத்து ஊட்டக் கரைசலில் பெருக்கிக் கன்றாக்கித் தருகிறார்கள் என்பதும், அது வாழையேதான், காகித வாழை அன்று என்பதும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'திசு வளர்ப்பு இறைச்சி' என்று ஒருமுறை சொன்னால் பொருளில் பாதி அப்போதே போய்ச் சேர்ந்துவிடும். இறைச்சி என்பதே தசைத் திசு என்பதால் அறிவியலுக்கும் பொருந்தும். திசு என்பது ஆங்கில ஒலியைத் தழுவிய சொல் என்ற குறை உண்டு. ஈழத்துப் பாடநூல்களின் 'இழையம்' அழகிலும் தூய்மையிலும் மேலானது. இங்கே வேரூன்றியிருந்தால் அதையே தேர்ந்திருப்பேன். தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டி வந்தால், உண்ணும் பொருளின் பெயரில் தெளிவே முதலில் வர வேண்டும்.

இந்தப் பெயர் தடையை ஆதரிப்பவர்களுக்குப் பாதகம் செய்யும் என்று எண்ண வேண்டாம். இத்தாலியில் முழக்கம் 'சிந்தடிக்' என்று இருந்தாலும், சட்டத்தின் வாசகம் முதுகெலும்புள்ள விலங்குகளின் செல் அல்லது திசு வளர்ப்பிலிருந்து உண்டாக்கப்பட்ட உணவு என்றே பேசுகிறது. புளோரிடாச் சட்டமும் வளர்க்கப்பட்ட விலங்குச் செல்களிலிருந்து உண்டாக்கிய பொருள் என்றே வரையறுக்கிறது. தடை செய்ய விரும்பியவர்களுக்கும், நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய இடத்தில், சரியான பெயர் தேவைப்பட்டது. கன்னி ஆடு வளர்த்து மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிவரும் குடும்பங்களின் பிழைப்பை நினைத்துத் தடை கேட்பவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவர்களும் 'செயற்கை உணவுக்குத் தடை' என்று கேட்டால், அது கார்பைடு மாம்பழத்துக்கா, சோயாவுக்கா, எதற்கு என்று எதிராளி கேட்பார், விடை இராது.

மீனுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2024-இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து மீன் செல்களை வளர்க்கும் ஆய்வில் இறங்கியிருப்பதால், இச்சொல் நம் கடற்கரைக்கும் விரைவில் தேவைப்படும். 'திசு வளர்ப்பு மீன்' என்று எழுதினால் முழு மீனையே அவ்வாறு வளர்த்தார்கள் என்று படும். விளைவது சதை மட்டுமே என்பதால் 'திசு வளர்ப்பு மீன் சதை' என்று எழுதுவதே சரி.