அட்ரசின் அடித்த காட்டில் களை ஏன் கருகுகிறது?

மக்காச்சோளக் காட்டில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்தால், அகன்ற இலைக் களைகளின் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகும். வேர் உறிஞ்சிய மருந்து நீரோடு ஏறி முதலில் அங்கேதான் சேர்கிறது. ஒளிச்சேர்க்கை நின்று பட்டினியில் செத்ததாகச் சொல்வார்கள். பட்டினி இவ்வளவு சீக்கிரம் கொல்லாது. களையைக் கொல்வது, செலவாக வழியில்லாமல் இலைக்குள் தேங்கும் வெயில்.

இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில் தட்டுத் தட்டாக அடுக்கிய தைலகாய்டு சவ்வில் பச்சையம் இருக்கிறது. அது வாங்கிய ஒளியாற்றல் கைமாறிக் கைமாறி ஒளி அமைப்பு 2 என்ற புரதத் தொகுப்பின் நடுவிலுள்ள பி680 என்ற பச்சைய மையத்தை அடைய, அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்புகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, 4 மாங்கனீசும் 1 கால்சியமும் கொண்ட கொத்து நீரை உடைக்கிறது. 4 எலக்ட்ரானுக்கு 2 நீர் மூலக்கூறு. வெளியேறுவது 1 ஆக்சிஜன் மூலக்கூறு.

கிளம்பிய எலக்ட்ரானை ஏற்றிச்செல்ல ஆள் வேண்டுமே! அதே ஒளி அமைப்பு 2-ன் பாகமான டி1 புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு. எலக்ட்ரான் சுமக்கும் சிறு மூலக்கூறான பிளாஸ்டோகுயினோன் அதில் வந்தமர்ந்து, 2 எலக்ட்ரானும் 2 புரோட்டானும் ஏற்றிக்கொண்டு போகும். காலியான குழிக்கு அடுத்தது வரும். எலக்ட்ரான் பிறகு ஒளி அமைப்பு 1-ல் மறுபடி ஒளி வாங்கி, என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறில் சேமிப்பாகிறது. வழியில் தைலகாய்டுக்குள் குவிந்த புரோட்டான்கள் வெளியேறும்போது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ் நொதி சுழல்கிறது. பாலக் கீரையில் 14 புரோட்டான் கடந்தால் ஒரு சுற்று, 3 ஏடிபி. ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையில் சேர்க்க 3 ஏடிபி, 2 என்ஏடிபிஎச் செலவாகும்.

அட்ரசின் அந்தக் குழியை அடைத்துக்கொள்கிறது. பாதை அடைபட்டாலும் வெயில் நிற்பதில்லை. பச்சையம் தன் ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனிடம் தள்ளிவிட, அது வீரியமேறி சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. செல் ஒழுகுகிறது, இலை கருகுகிறது. இருட்டில் வைத்த செடிக்கு இந்தக் கருகல் வராது.

மக்காச்சோளத்திலும் அதே குழிதான். ஆனால் அதன் நொதிகள் அட்ரசினோடு குளூட்டாதயோன் என்ற செல்லின் சிறு மூலக்கூறை ஒட்டி, மருந்தைச் செயலற்றதாக்கிவிடும். குளிரும் ஈரமும் நீடித்தால் இந்த வேலை மந்தமாகிப் பயிரும் அடிவாங்கும்.

ஆண்டுதோறும் இதே மருந்தை அடித்த இடங்களில் அதற்குச் சாகாத களைகள் தலைதூக்கின. அவற்றில் பலவற்றின் டி1 புரதத்தில் 264-ஆம் இடத்திலிருந்த செரின் என்ற அமினோ அமிலம் கிளைசின் என்ற வேறொன்றாக மாறியிருந்தது. குழியில் அட்ரசின் ஒட்டாது. ஆனால் எலக்ட்ரான் கைமாறுவதும் தாமதமாகும். அதனால் மருந்தே இல்லாத காட்டில் இந்தக் களை மற்றவற்றைவிடச் சற்று மெலிந்தே வளரும்.