உச்சி வெயிலில் ஒரு குடும்பப் படம்

சித்திரைப் புத்தாண்டு. கோயிலுக்குப் போய்வந்து, கைவிசேடம் வாங்கி, புது உடுப்போடு எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே, படம் பளிச்சென்று வரும் என்று நம்பி எடுத்தேன். கமெராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்த அம்மம்மா கேட்டார்: "இதென்னடா, எல்லாருக்கும் கண் குழி விழுந்து கிடக்கு?"

உண்மைதான். கண் இருந்த இடத்தில் இருட்டு. மூக்குக்குக் கீழே மீசை வரைந்ததுபோல ஒரு நிழல், சித்திக்கும்கூட.

நான் தேர்ந்தெடுத்த நாளும் நேரமும் அப்படி. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். முதலாவது, புத்தாண்டை ஒட்டியே வந்துவிடுகிறது. அதுவும் சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல, சுமார் 12.10க்கு. நம் கடிகாரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கு வைத்தது. நாம் இருப்பது 80 பாகையில். சூரியன் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் எடுக்கும். நேர் மேலிருந்து ஒளி விழும்போது புருவ எலும்பு கண்ணுக்கு மேலே தாழ்வாரம்போல நின்று மறைத்துவிடுகிறது.

சரி, நிழல் விழுந்தால் விழட்டும், அது ஏன் கத்தியால் வெட்டியதுபோல இருக்க வேண்டும்? சூரியன் எவ்வளவு பெரிதானாலும் நம் கண்ணுக்கு அதன் அகலம் அரைப் பாகைதான். அதனால் நிழலின் ஓரம் மங்கும் அகலம், நிழலைத் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. மூக்கின் நிழல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி விழுந்தால், ஓரம் மங்குவது கால் மில்லிமீற்றர் அளவுக்குத்தான். பத்து மீற்றர் உயரத்துப் பனையோலையின் நிழலோ ஒன்பது சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கரைந்து போகும்.

இதே கணக்குத்தான் மர நிழலில் நம்மை ஏமாற்றுவதும். மாமரத்தின் கீழே தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுகிறதே, இலை இடுக்குகள் எல்லாம் வட்டமா என்ன? ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம்; இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கமெரா. 2019 டிசம்பர் 26 காலை வளையக் கிரகணத்தின்போது நம் மரங்களின் கீழே அந்த வட்டங்கள் மோதிரங்களாக மாறின. பார்க்க அழகு. ஆனால் அதே பொட்டு ஒருவர் கன்னத்தில் விழுந்தால் படம் போச்சு. "நிழலிலை நில்லுங்கோ" என்று சொன்னால் மட்டும் போதாது, ஓட்டை இல்லாத நிழலாகப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது: விறாந்தை. அங்கே சூரியன் நேராகப் படாது. முகத்துக்கு ஒளி தருவது எதிரே தெரியும் வானத்துண்டு. அரைப் பாகை விளக்கு போய் ஐம்பது, அறுபது பாகை அகலத்தில் ஒரு விளக்கு வந்துவிடுகிறது. மூக்கின் ஒரு பக்கம் மறைத்தாலும் வானத்தின் மறுபக்கம் எட்டிப் பார்ப்பதால் நிழல் இதமாகிறது. மாரி காலத்து முகில் மூடிய வானமும் பெரிய விளக்குத்தான், ஆனால் தலைக்கு மேல்தான் அதிக வெளிச்சம். எனவே கண் குழி முழுதாகப் போகாது. எனக்கு விறாந்தைதான் பிடிக்கும். கூரை மேல் வானத்தை மறைத்து, ஒளியைப் பக்கவாட்டில் மட்டும் விடுகிறது. நாற்சார் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது, நான்கு பக்கமும் விறாந்தை.

இங்கே ஒரு எச்சரிக்கை. முகப்படத்துக்கு வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது, அங்கே வெயில் படாது என்று ஐரோப்பிய ஓவியர் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அது அவர்கள் வானத்துக்குப் பெரும்பாலும் சரி. நமக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூனில் காலையும் மாலையும் வடக்கு விறாந்தைக்குள் வெயில் சரிந்து வரும். அந்த மாதங்களில் நான் தெற்கு விறாந்தைக்கு மாறிவிடுவேன். டிசம்பரில் நிலைமை தலைகீழ்; நண்பகலிலேயே சூரியன் தெற்கே 57 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது.

அப்புறம் நிறம். முகத்தில் விழும் ஒளியில் ஒரு பங்கு தரையிலிருந்து எழும்பி வருகிறது. உரும்பிராய், தெல்லிப்பழைப் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டு நீலத்தை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்பும். அங்கே வெள்ளை வேட்டியோடு நிற்பவரின் நாடிக்குக் கீழே செம்மஞ்சள் பூசியதுபோல இருக்கும். அது அழகு என்பேன். வாழைத் தோட்டத்துக்குள் எடுத்தால் கன்னம் பச்சையாகும். அது காய்ச்சல்காரர் முகம். மணற்காட்டு வெண்மணலில் ஒளி கீழிருந்து வந்து கண் குழியை நிரப்பிவிடும், ஆனால் கூச்சத்தில் ஒருவரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். மணல் இல்லாத இடத்தில் வேட்டியை மடித்து ஒருவரைப் பிடிக்கச் சொன்னால் போதும். ஒரு மீற்றர் அகல வேட்டி ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால், முகத்துக்கு அது சூரியனைவிட நூறு மடங்கு அகலமான விளக்கு.

வேட்டி கமெராவையும் குழப்பும். எதிரே இருப்பது சராசரிச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கமெரா ஒளியை அளக்கிறது. வெள்ளை அதிகமானால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கூடவே மாப்பிள்ளையின் முகமும் கறுக்கும். முகத்தை வைத்து அளந்தால் தீர்ந்தது.

மாலை வெயில் இனிமை என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் நமக்கு அது நிற்காது. நம் பக்கம் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு ஆறு பாகை மேலிருந்து மறைய சுமார் 25 நிமிடம். ரொறன்ரோவில் ஜூன் மாதத்தில் 40 நிமிடத்துக்குக் கிட்ட. அங்கிருந்து வந்த மச்சாள் கசூரினா கடற்கரையில் சேலையைச் சரிசெய்து முடிப்பதற்குள் மைமலாகிவிட்டது.

கடைசியாக எண்ணெய் வழியும் முகம். தோலில் நேராகப் படும் ஒளியில் சுமார் மூன்று சதவீதம் உள்ளே போகாமலே திரும்புகிறது. அதற்கு விளக்கின் நிறம். மற்றது உள்ளே போய், மெலனினிலும் இரத்தத்திலும் இழந்தது போக மிஞ்சித் தோலின் நிறத்தோடு வெளியே வருகிறது. கறுத்த தோலில் இந்த இரண்டாவது ஒளி குறைவு என்பதால் அந்த மூன்று சதவீதம் தூக்கித் தெரியும். வெயிலில் அது நெற்றியில் வெள்ளைப் பொட்டு. விறாந்தையில், வானம் அகலமாகப் பிரதிபலிக்கும்போது, கன்ன எலும்பைக் கோடு போட்டுக் காட்டும் மினுக்கம். நம் முகங்களுக்கு அதைவிட நல்ல ஒளி இல்லை.

இதையெல்லாம் கற்ற பிறகு அம்மம்மாவைத் தெற்கு விறாந்தையில் உட்காரச் சொன்னேன். வேர்வையைத் துடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். உள்ளே போனவர் முகம் முழுக்கப் பவுடரோடு வந்தார். பவுடர் தோலின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். மினுக்கம் துளியும் இல்லை. "இப்ப எடு," என்றார்.